எருமைக்குக் காற்று தீர்ந்த நேரம்

காலை ஒன்பதே முக்காலுக்கு ஹெட் மெக்கானிக் ஒர்க்‌ஷாப் ஷட்டரைப் பாதி இறக்கினார். வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது என்றால்தான் அப்படி இறக்குவார். மெக்கானிக்குகள் மூன்று பேரும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவர் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

"நேத்து ஒரு வீட்ல ரூம் ஹீட்டரைப் போட்டுட்டு, கதவு ஜன்னலை எல்லாம் சாத்திட்டுப் படுத்திருக்காங்க. மூணு பேர். ரெண்டு பேர் ஆஸ்பத்திரியில இருக்காங்க. ஒருத்தர் எழுந்திருக்கவே இல்ல. ஹீட்டர்ல நம்ம ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு."

ஹெட் ஷட்டர் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சென்சார் ஒயரை நேரா சேர்த்துக் கட்டியிருக்கு. யார் கட்டினதுன்னு நான் கேக்கல. கேட்டா மூணு பேரும் கூரையைப் பாப்பீங்க. யாரு எந்தெந்த வீட்ல அப்படிக் கட்டினீங்களோ, ஒரு மணி நேரத்துல எனக்கு லிஸ்ட் வேணும். போன் பண்ணி அணைக்கச் சொல்லிட்டு, வண்டியை எடுத்துக்கிட்டு நேர்லயே போறோம்."

விஷயம் இதுதான். கேஸில் எரிகிற ரூம் ஹீட்டருக்குள் விரல் நீளத்துக்கு ஒரு சென்சார் உண்டு. அறையில் காற்று கெட ஆரம்பித்தால் அது ஹீட்டரைத் தானாக அணைத்துவிடும். பழசாகிப்போனால் காற்று நன்றாக இருக்கும்போதே அணைத்துத் தொலைக்கும். வாடிக்கையாளர் போனில் கத்துவார். புது சென்சார் வந்து சேர மூன்று வாரம் ஆகும். குளிர் மூன்று வாரம் பொறுக்குமா? அதனால் இரண்டு ஒயரையும் உரித்து, முறுக்கி, டேப் சுற்றி, "ஜன்னலை ஒரு விரல் அளவு தொறந்து வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். இரண்டு நிமிஷ வேலை. அந்த ஒர்க்‌ஷாப்பில் அதைச் செய்யாத கை ஒன்றுகூடக் கிடையாது.

மூன்று பேரில் மூத்தவனை வீட்டில் பெரியவன் என்பார்கள். ஊரை விட்டு வந்து ஒன்பது வருஷம் ஆன பிறகும் அவனுக்கு மனசுக்குள் அதுதான் பெயர். அவன் பேப்பரை எடுத்து எழுதினான். மாடி வீட்டு டீச்சர். பேக்கரிக்காரர். இரட்டைப் பிள்ளைக்காரி. பதினான்கு வீடு வந்தது. பதினைந்தாவதாக எழுதப் போனபோது பேனா அப்படியே நின்றுவிட்டது.

பதினைந்தாவது அவன் தம்பி, சின்னவன்.

போன குளிருக்கு இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள். சின்னவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடற்போர் கேம் ஆடுவான். பாதி ஆட்டத்தில் ஹீட்டர் அணையும். "அண்ணா, கை விறைக்குதுடா, ஏதாவது பண்ணேன்" என்று ஒரு நாள் முழுக்க அனத்தினான். பெரியவன் ஸ்குரு டிரைவரை எடுத்தான். முறுக்கினான். டேப் சுற்றினான்.

நான்கு மாசம் முன்னால் இருவருக்கும் சண்டை வந்தது. வேலைக்கு ஒழுங்காகப் போகாமல் இருபத்திநாலு மணி நேரமும் கேமா என்று ஆரம்பித்தது, எங்கெங்கோ போய் முடிந்தது. கடைசியாகப் பெரியவன், "அந்தக் கப்பலுக்குள்ளயே கெட. அதுலயே மூழ்கிச் சாவு" என்றான். மறுநாள் சின்னவன் துணி மூட்டை, கம்ப்யூட்டர், அந்த ஹீட்டர் மூன்றையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். எந்த நகரம் என்று தெரியும். எந்தத் தெரு என்று தெரியாது. போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

பெரியவன் லிஸ்டை ஹெட்டிடம் நீட்டினான். "என் தம்பிகிட்டயும் ஒண்ணு இருக்கு. அட்ரஸ் தெரியாது."

ஹெட் அவன் முகத்தைப் பார்த்தார். "மேல போ. உன் பதினாலு வீட்டுக்கும் நாங்களே போன் பண்றோம். வண்டி கிளம்பும்போது கூப்பிடறேன்."

ஒர்க்‌ஷாப்புக்கு மேலேயே அவன் அறை. படியேறும்போதே அம்மாவுக்குப் போன் போட்டான்.

"தம்பியோட புது நம்பர் இருக்காம்மா? அட்ரஸ்?"

"கூடப் பொறந்தவன் நீ, என்கிட்ட கேக்குற? ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா எவனோட போன்லயோ கூப்பிடுவான். சாப்டியான்னு கேட்டா உம்ங்கறான். ஏன், என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கு மூச்சு ஏன் இப்படி வாங்குது?"

"படி ஏறறேன்மா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அடுத்து அவசர உதவி. போனை எடுத்த பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். நகரத்தின் பெயரைச் சொன்னான். தெரு? தெரியாது. வீட்டு ஓனர் பெயர்? தெரியாது. "சார், இருபது லட்சம் பேர் இருக்கற ஊர். நான் எந்தக் கதவைத் தட்டச் சொல்லட்டும்?" என்றாள். அவள் மேல் தப்பு இல்லை.

மிச்சம் இருந்தது கேம் ஒன்றுதான்.

பழைய லேப்டாப் அது, திறந்து உயிர் வருவதற்குள் இவனுக்கு உயிர் போய்விடும். அந்த கேமில் ஆளுக்கு ஒரு போர்க்கப்பல். பக்கத்துக்கு ஆறு பேர், இரண்டு பக்கம். இவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே சின்னவன்தான். சின்னவன் ஓட்டுவது ஒரே கப்பல்: ரஷ்யாவில் சோவியத் ஆட்சி வந்த பிறகு முதன்முதலில் கட்டிய நீர்மூழ்கி ரகம் என்று கேமிலேயே குறிப்பு போட்டிருக்கும். வேகம் கிடையாது. திரும்பச் சொன்னால் யோசித்துத் திரும்பும். கேமிலே அதைச் சீந்துவார் இல்லை. பெரியவன் முதல் முறை அதைப் பார்த்தபோது, "என்னடா இது, எருமை மாதிரி தண்ணிக்குள்ள கெடந்துக்கிட்டு மூக்கை மட்டும் நீட்டுது" என்றான். சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து அது எருமை. சின்னவனின் கேம் பெயரே எருமைமேய்ப்பன் என்று ஆகிவிட்டது. அண்ணனுக்கும் ஒரு எருமையைப் பரிசாக வாங்கி அனுப்பினான். பெரியவன் அதை ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. அவனுக்கு நீர்மூழ்கிகளை விரட்டி வேட்டையாடும் டெஸ்ட்ராயர்தான் சரி.

சண்டைக்குப் பிறகு சின்னவன் கேமிலும் அண்ணனை பிளாக் செய்துவிட்டான். இவன் எழுதுவது எதுவும் அவனுக்குத் தெரியாது. அவன் பொதுவில் எழுதுவது மட்டும் இவனுக்குத் தெரியும்.

அவன் இப்போது ஆடிக்கொண்டிருக்கிறானா என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. காலை நேரத்தில் அந்தப் பழைய கப்பல் மட்டத்தில் ஆடுகிறவர்கள் மொத்தமே இருபது பேர்தான். திரும்பத் திரும்ப அதே மூஞ்சிகள். பெரியவன் டெஸ்ட்ராயரை எடுத்துப் போருக்குப் போனான். பெயர்ப்பட்டியலில் எதிர்ப்பக்கம் கடைசியில் எருமைமேய்ப்பன்.

உயிரோடு இருக்கிறான்.

எல்லாருக்குமாக எழுதினான்: எருமைமேய்ப்பன்கிட்ட ஹீட்டரை அணைக்கச் சொல்லுங்க, அவன் உயிருக்கு ஆபத்து. ஆளாளுக்கு ஒரு மொழி. ஒருத்தன் சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டான். இன்னொருத்தன் "என்கிட்ட ஹீட்டரே இல்லை" என்று எழுதினான்.

எருமை எங்கே என்று தேடிப் போனான். இருவருக்கும் பழைய சைகை ஒன்று உண்டு. தண்ணீருக்குள் 'டிங்' என்று ஒலி அனுப்பலாம். மூன்று டிங் அடித்தால் 'மேல வா' என்று அர்த்தம். தீவுக்குப் பின்னால் எண்ணெய்த்திட்டு போல ஒரு நிழல் தெரிந்தது. மேலே போய் நின்று மூன்று அடித்தால் போதும். வேகமாகப் போனான்.

தடதடவென்று கப்பலின் பின்பக்கம் அதிர்ந்தது. கடல் வெள்ளையாகக் குமுறியது.

டெஸ்ட்ராயரில் ஆழ்குண்டு தானியங்கி. நீர்மூழ்கியின் தலைக்கு மேலே கடந்தால் தானாகவே குண்டு விழும். ஆட்டம் தொடங்குமுன் அதை நிறுத்த வேண்டும். நிறுத்த மறந்திருந்தான். திரையின் நடுவில் கொட்டை எழுத்தில் வந்தது: நீங்கள் எருமைமேய்ப்பனை மூழ்கடித்தீர்கள்.

"ஐயோ, நானாடா" என்று தனியாகக் கத்தினான்.

பொதுவில் சின்னவனின் எழுத்து ஓடியது. "அண்ணன் சொன்னபடியே மூழ்கடிச்சுட்டாரு. வாழ்க." கொஞ்சம் கழித்து இன்னொரு வரி, பாதி எழுத்து தப்பும் தவறுமாக. "தல வலி உயிர் போவுது. ரெண்டு நாளா. இன்னும் ஒரு ஆட்டம், அப்புறம் படுக்கறேன்."

பெரியவன் அந்த வரியை மூன்று தரம் படித்தான். இரண்டு நாளாகத் தலைவலி. எழுத்து தடுமாறுகிறது. இனிமேல் படுத்தால் எழுந்திருக்க மாட்டான். இருப்பது ஒரு ஆட்டம்.

எழுந்து நின்றான். உட்கார்ந்தான். அறைக்குள் நாலு அடி நடக்கத்தான் இடம், நாலு அடியும் நடந்தான். கீழே ஹெட் யாருக்கோ போனில் கத்துவது கேட்டது: "அம்மா, முதல்ல அணைங்க, அப்புறம் என்னைத் திட்டுங்க!"

நான் எழுதுவது அவனுக்குத் தெரியாது. எது தெரியும்? கப்பல் தெரியும். கப்பலுக்கு மேலே மிதக்கிற பெயர் தெரியும். பிளாக் செய்தாலும் பெயரை மறைக்க முடியாது.

பெயரை மாற்றலாம். எல்லாருக்கும் ஒரு தடவை அனுமதி உண்டு. ஆங்கில எழுத்துதான், பதினாறுக்கு மேல் போகக்கூடாது. முதலில் 'மன்னிச்சுடு' என்று அடித்தான். அழித்தான். மன்னிப்புக் கேட்டால் படித்துவிட்டுத் தூங்கிப்போவான். அதட்டினால்தான் சின்னவன் எழுந்திருப்பான், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். 'ஹீட்டர்அணைடா' என்று அடித்தான். பன்னிரண்டு எழுத்து. சேமித்தான். உறுதியா என்று கேட்டது. உறுதி, உறுதி என்று நாலு தரம் குத்தினான்.

அடுத்த கணக்கு. சின்னவன் எருமையைத் தவிர வேறொன்றை எடுக்கமாட்டான். மூழ்கிய கப்பல் அந்தப் போர் முடிகிறவரை துறைமுகத்தில் பூட்டிக் கிடக்கும். தன் டெஸ்ட்ராயரை நடுப்போரில் விட்டுவிட்டு வந்ததால் அதன் மேலும் அதே பூட்டு. அந்தப் பூட்டு விலகும் நொடியில் அவனும் பொத்தானை அழுத்துவான். பெரியவன் பூட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

எதில் போவது? யோசிக்க வேண்டியதே இல்லை. ஒரு போரில் இரண்டு நீர்மூழ்கி வந்தால் கேம் அவற்றைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடும். எதிரியாகத்தான் போக வேண்டும். ஏனென்றால் கூட வருகிறவன் பெயரை எவனும் பார்ப்பதில்லை. குறி வைக்கிறவன் பெயரைத்தான் பார்ப்பான். அதையும் தவறவிட்டால்? அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நீங்கள் இன்னாரை மூழ்கடித்தீர்கள். கொட்டை எழுத்தில், திரை நடுவில். கொன்றவன் கண்ணில் படாமல் போகாது.

சின்னவன் கையால் மூழ்க வேண்டும். வேறு யார் கையாலும் மூழ்கக்கூடாது.

பூட்டு விலகியது. தூசி தட்டாமல் கிடந்த எருமையை எடுத்துக்கொண்டு அழுத்தினான். பட்டியல் வந்தது. எதிர்ப்பக்கம் கடைசியில் எருமைமேய்ப்பன்.

இதுவரை ஓட்டாத கப்பல். மேலே போகிற விசை எது, கீழே போகிற விசை எது என்றே இரண்டு தரம் தடுமாறினான். நேராக எதிரிகள் நடுவில் போனான். அவன் பக்கத்து ஆள் ஒருவன், "எங்கே போகிறாய் முட்டாளே" என்று எழுதினான். எதிரி டெஸ்ட்ராயர்கள் இரண்டு மோப்பம் பிடித்துவிட்டன. அடியாழத்துக்கு இறங்கினான். குண்டுகள் மேலே வெடித்தன. ஹெட்போனுக்குள் தகரக் கொட்டகையில் கல் மாரி விழுகிற சத்தம். திரையின் ஓரத்தில் நீலமாகக் காற்று அளவு. அது இறங்க ஆரம்பித்தது.

மூன்று டிங் அடித்தான். மேல வா.

பதில் இல்லை. டிங் அடித்த சத்தத்தை வைத்து டெஸ்ட்ராயர் மறுபடி தேடி வந்தது. கப்பலுக்கு மிச்சமிருக்கும் உயிரைக் காட்டும் உயிர்ப்பட்டை பாதியாயிற்று. மணலில் தேய்த்துக்கொண்டே நகர்ந்தான். மறுபடி மூன்று.

"எங்கடா இருக்க? சாயாதடா. கொஞ்ச நேரம். உன் அண்ணன் இங்க இருக்கேன் பாரு, வந்து அடி. நாலு மாசக் கோவம் இருக்குல்ல, வந்து அடிச்சுத் தொலைடா."

காற்று கால்வாசி. பத்தில் ஒன்று. கீழே இருந்தால் சின்னவனுக்குப் பெயர் தெரியாது. மேலே போனால் டெஸ்ட்ராயர் ஒரே சூட்டில் முடித்துவிடும். அவன் விசையில் விரலை வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாமல் கிடந்தான். நீலம் தீர்ந்தது. மணி அடித்தது. அவன் எதையும் அழுத்தாமலே எருமை தானாக மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே எழும்ப ஆரம்பித்தது.

கேமில் அப்படி வைத்திருக்கிறார்கள். காற்று தீர்ந்தால் கப்பல் யாரையும் கேட்காது, மேலே வந்துவிடும். அந்த ஒயரை உரித்து முறுக்க ஒருத்தனாலும் முடியாது. விளையாட்டுக்குச் செய்தவனுக்கு இருந்த புத்தி, என்று நினைத்தான். அதற்கு மேல் நினைக்கக் கை விடவில்லை.

வெளிச்சம். கடல். ஒரு டெஸ்ட்ராயர் தீவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. இன்னொன்று தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. இன்ஜினை நிறுத்தினான். நடுக்கடலில் சும்மா மிதந்தான், நெற்றிக்கு மேல் 'ஹீட்டர்அணைடா' என்று சிவப்பாக எழுதிக்கொண்டு.

'டிங்.'

தன் கப்பல் உடம்பில் பட்ட ஒலி. யாரோ குறி பார்க்கிறார்கள். மேலே மிதக்கிற கப்பலை நீர்மூழ்கிதான் அப்படிப் பார்க்கும். அந்தப் பக்கத்தில் ஒரே நீர்மூழ்கிதான்.

"வா, வா, வா" என்றான்.

டார்பிடோ ஒன்று வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் அவன் முன்னால் இரண்டு கப்பல் தூரம் தள்ளிப் போய்விட்டது. நின்ற இடத்தில் நிற்கிற கப்பலைச் சின்னவன் தவறவிடுவதாவது! கண் கட்டினாலும் அடிப்பான். கை நடுங்குகிறது அவனுக்கு. கண் மங்குகிறது.

டெஸ்ட்ராயர் சுட்டது. உயிர்ப்பட்டையில் ஒரு நூல் மிச்சம். இன்னொரு குண்டு விழுந்தால் வேறு எவனோ ஒருத்தன் திரையில் 'ஹீட்டர்அணைடா' என்று வரும். பெரியவன் பின்னாலே போனான், முன்னாலே வந்தான். குண்டு இரண்டு பக்கமும் தண்ணீரைக் கிளப்பியது. மூன்று டிங் அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான், கதவைத் தட்டுகிற மாதிரி.

இரண்டாவது வெள்ளைக் கோடு. கோணலாகத்தான் வந்தது. கோணலைப் பார்த்துப் பெரியவனே கப்பலைத் திருப்பி அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

திரை கறுத்தது. எருமைமேய்ப்பன் உங்களை மூழ்கடித்தார்.

இனி அவன் செய்ய ஒன்றும் இல்லை. மூழ்கியவன் மற்றவர்களை வேடிக்கை பார்க்கலாம். மேலிருந்து பார்த்தான். சின்னவனின் எருமை நேராகப் போய்க்கொண்டிருந்தது. திரும்பவில்லை, இறங்கவில்லை. வரைபடத்தின் ஓரத்தில் போய் முட்டி, ஓரத்தோடு உரசிக்கொண்டே போயிற்று. ஓட்டுகிற கை இல்லாத கப்பல் அப்படித்தான் போகும். எழுந்து போய்விட்டானா, விசைப்பலகை மேல் தலை கவிழ்ந்துவிட்டானா, இரண்டுக்கும் திரையில் ஒரே படம்தான்.

ஒரு நிமிஷம். இரண்டு. அவன் பெயர் சாம்பல் நிறமானது, கேமை விட்டு வெளியேறியவன் என்று அர்த்தம். ஆள் கையெடுத்துவிட்டால் கேமே வெளியே தள்ளிவிடும். அதற்கும் இதே சாம்பல்தான்.

பெரியவன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது என்று யோசித்தான்.

கீழே வண்டி ஹாரன் அடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தது.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

எடுத்தான். இருமல். நீளமான இருமல். அதற்குப் பின்னால் காற்று ஊதுகிற சத்தம்.

"என்னடா பேரு அது?" என்றான் சின்னவன். நாக்கு குழறியது. "கேம்ல எவனாவது 'டா' போட்டுப் பேர் வெப்பானா? கருமம்."

"அணைச்சியா?"

"எதை?"

"அணைச்சியாடா, நாயே!"

"கத்தாதடா, தல தெறிக்குது. அணைச்சாச்சு. ஜன்னல் தொறக்கல. டேப் போட்டு ஒட்டி வெச்சிருந்தேன்ல, குளிருன்னு. நாற்காலியால ஒடச்சேன். ஓனர் வந்து பேயாட்டம் ஆடறாரு. அவரு போன்தான் இது."

"வெளிய போ. இப்பவே. படியில உக்காரு. அட்ரஸ் சொல்லு."

"எதுக்கு, வந்து ஒதைக்கவா?"

"அட்ரஸ் சொல்லுடா!"

சொன்னான். பெரியவன் லிஸ்ட் எழுதிய பேனாவாலேயே உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். அந்த வீட்டு ஓனரிடம் பேசி, ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லி, அவர் தன் மனைவியின் போனில் கூப்பிடுவதைக் காதால் கேட்ட பிறகுதான் மறுபடி தம்பியைக் கேட்டான்.

"வாந்தி எடுத்தேன்" என்றான் சின்னவன். "ரெண்டு தடவை. நீ பாட்டுக்கு டார்பிடோ முன்னாடி வந்து நிக்கற. கோட்டிக்காரனான்னு நெனச்சேன். அப்புறம்தான் பேரைப் பாத்தேன். எழுந்திரிச்சா கால் நிக்கல. தவழ்ந்து போனேன்டா அண்ணா."

பெரியவன் சொன்னான்: "அந்த ஒயரை நான்தான்டா சேர்த்துக் கட்டினேன்."

"தெரியும். டார்ச் பிடிச்சது யாருன்னு நெனச்ச?"

போனுக்குள் அந்தப் பக்கத்துக் காற்று ஊதியது. உடைந்த ஜன்னல் வழியாகவோ, படிக்கட்டிலோ, குளிர்ந்த நல்ல காற்று.

ஹாரன் விடாமல் அடித்தது. "பதினாலுல மூணு வீட்ல போனை எடுக்கல!" என்று ஹெட் கீழேயிருந்து கத்தினார். "முதல்ல அந்த மூணுக்கும் போறோம். உன் தம்பி?"

"பேசறான்!" என்று கத்தினான் பெரியவன். ஸ்குரு டிரைவர் பையைத் தோளில் மாட்டினான். போனைக் காதிலிருந்து எடுக்காமலே படியிறங்கினான்.

"பேசிட்டே இரு" என்றான். "ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் வைக்காத. எதையாவது பேசு."

"என்னத்தப் பேச?"

"எருமையைப் பத்திப் பேசு."

"அதுக்கு என்ன, மூழ்கலையே" என்று சின்னவன் இருமினான். "ஓரத்துல முட்டிக்கிட்டு நிக்கும்."

வண்டி கிளம்பியது. போனை எடுக்காத வீட்டில் முதல் வீடு இரட்டைப் பிள்ளைக்காரியின் வீடு. பெரியவன் ஒரு காதில் தம்பியின் மூச்சைக் கேட்டுக்கொண்டு, மடியில் லிஸ்டைப் பிடித்துக்கொண்டு, "வேகமா போங்க சார்" என்றான்.